விலங்குகளின் கண் பரிசோதனை: எதற்குப் பிறகு எது

கண் கேஸ் வந்தால் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் செய்வது டார்ச்சை எடுத்து நேராகக் கண்ணுக்குள் அடிப்பது. கண் சிவந்திருக்கிறது, பீளை தள்ளியிருக்கிறது, சரி, ஒரு ஆன்டிபயாடிக் சொட்டு எழுதிவிடலாம் என்று அத்தோடு முடித்துவிடுகிறார்கள். ஆனால் சிவந்த கண் என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. இமையின் உட்படலத்தில் அழற்சி வந்தாலும் சிவக்கும். கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கார்னியாவில் புண் இருந்தாலும், கண்ணுக்குள்ளேயே அழற்சி இருந்தாலும், கண் அழுத்தம் ஏறியிருந்தாலும் சிவக்கத்தான் செய்யும். முதல் வகையை நாளைக்குப் பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது. கடைசி வகையை நாளைக்குத் தள்ளினால் பார்வை போய்விடலாம்.

இந்த நான்கையும் பிரித்துக் காட்டுவது விலை உயர்ந்த கருவி இல்லை, பரிசோதிக்கும் வரிசைதான். கண்ணில் ஒரு சொட்டு விட்டாலே அதற்கு முன் பார்த்திருக்க வேண்டிய ஏதோ ஒன்று அழிந்துவிடும். மரப்புச் சொட்டு விட்டபின் கண்ணீரை அளந்தால் அளவு தப்பு. பாவையை (கண்ணின் நடுக் கருவட்டத்தை) விரித்தபின் அது ஒளிக்குச் சுருங்குகிறதா என்று பார்க்க வழியில்லை. புண்ணைக் காட்டும் சாயம் போட்டபின் கிருமி வளர்ப்புக்கு மாதிரி எடுப்பதிலும் அர்த்தம் குறைவு. அதனால் கீழே சொல்லும் வரிசையை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். தேவையில்லாத படியைத் தாண்டலாம். முன்பின்னாக மட்டும் மாற்றாதீர்கள்.

தொடுவதற்கு முன்

விலங்கு அறைக்குள் நடந்து வருவதைப் பாருங்கள். நாற்காலிக் காலில் இடிக்கிறதா, சுவரை ஒட்டியே போகிறதா, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கிறதா? பார்வை போன நாய் தன் வீட்டில் சாதாரணமாகத்தான் நடமாடும், எந்தப் பொருள் எங்கே என்று அதற்குப் பழக்கம். புது அறையில்தான் சாயம் வெளுக்கும். "திடீர்னு நேத்துலேருந்து கண்ணு தெரியல டாக்டர்" என்று சொல்பவரிடம் சமீபத்தில் வீடு மாற்றினீர்களா, சாமான்களை நகர்த்தினீர்களா என்று கேளுங்கள். பல மாதங்களாக மெல்லப் போன பார்வை அன்றைக்குத்தான் தெரியவந்திருக்கும்.

விவரம் கேட்கும்போது மூன்று கேள்விகளை விடக் கூடாது. எத்தனை நாளாக இருக்கிறது? ஒரு கண்ணா, இரண்டுமா? வீட்டில் ஏற்கெனவே என்ன விட்டார்கள்? மூன்றாவது கேள்விக்கு "ஒண்ணும் விடல" என்றுதான் பதில் வரும். பழைய சொட்டு மருந்து பாட்டில் ஏதாவது இருந்ததா என்று மறுபடி கேட்டால் பையிலிருந்து ஒன்று வெளியே வரும். அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே லேபிளைப் படித்துவிடுங்கள்.

அப்புறம் இரண்டடி தள்ளி நின்று முகத்தை நேராகப் பாருங்கள். இரு கண்ணும் ஒரே அளவா? ஒன்று முன்னே தள்ளியிருக்கிறதா, உள்ளே போயிருக்கிறதா? பாவைகள் இரண்டும் சமமா? கண்ணின் உள் மூலையிலிருந்து எழும் மூன்றாம் இமை மேலே வந்திருக்கிறதா? கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தால் வலி என்று பொருள். கையால் இமையைப் பிரித்துவிட்டால் இந்த எதையும் பார்க்க முடியாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாவைகள் சமமில்லை, கண் கோணியிருக்கிறது, மூன்றாம் இமை வெளியே தெரிகிறது, கூடவே நடத்தை மாறியிருக்கிறது, வாயில் எச்சில் வழிகிறது என்றால் வெறிநோய் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட விலங்கின் முகத்தருகே குனிந்து கண்ணைப் பார்க்க வேண்டாம்.

பிடிக்கும் விதம்

கண் பரிசோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் பிடிப்பதில்தான். நாயை மேசையில் உட்காரவைத்து, உதவியாளர் ஒரு கையைத் தாடைக்குக் கீழும் மறு கையைத் தலைக்குப் பின்னும் கொடுத்து, மூக்கு லேசாக மேலே இருக்கும்படி பிடித்தால் போதும். கழுத்தை இறுக்கிப் பிடித்தால் கழுத்துச் சிரையில் ரத்தம் தேங்கி, கண் அழுத்தம் பொய்யாக ஏறும். இறுக்கமான கழுத்துப் பட்டையும் அப்படித்தான், முதலில் அதைக் கழற்றுங்கள்.

பக், ஷிட்சு, பெகினீஸ் போன்ற தட்டை மூக்கு நாய்களைப் பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அவற்றின் கண்குழி ஆழமில்லாதது. தோல் பின்னால் இழுபட்டால் இமை விரிந்து கண் வெளியே வந்துவிடக்கூடும்.

பூனையைத் துண்டில் சுற்றித் தலை மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். சத்தம் குறைவான அறையாக இருக்கட்டும். சண்டை போட்டுப் பிடித்த பூனையின் பாவை பயத்தில் அகலமாக விரிந்திருக்கும், அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

மாட்டுக்குத் தலைக்கயிறு போட்டு, தலையை ஒரு பக்கம் திருப்பிக் கம்பத்தில் கட்டவேண்டும். கட்டியதும் கண் உருண்டை எதிர்த் திசையில் சுழன்று வெள்ளைப் பகுதிதான் அதிகம் தெரியும். கார்னியா நடுவில் தெரிய வேண்டுமென்றால் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள். குதிரைக்குப் பெரும்பாலும் மயக்க ஊசி தேவைப்படும். வலியிருக்கும் குதிரையின் மேல் இமையைக் கையால் திறப்பது நடக்காத காரியம். கன்ன எலும்பு வளைவின் மேல் விரலை ஓட்டினால் இமையை மூடவைக்கும் நரம்பு நூல் போலத் தட்டுப்படும். அங்கே 1 முதல் 2 மி.லி. லிக்னோகெயின் மரப்பு மருந்தைத் தோலடியில் போட்டால் இமை தளரும். இது இமையின் அசைவைத்தான் நிறுத்தும், வலியை இல்லை. இமைத்தல் சோதனைகளையெல்லாம் இந்த ஊசிக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

எந்த விலங்காக இருந்தாலும் உங்கள் கையின் அடிப்பகுதி அதன் தலையில் ஊன்றியிருக்கட்டும். தலையைச் சட்டென்று உதறினால் கையும் கூடவே போகும், விரல் கண்ணில் குத்தாது. சொட்டு விடும்போதும், கண் அழுத்தம் அளக்கும் டோனோமீட்டரை வைக்கும்போதும், ஊசியால் எதையாவது எடுக்கும்போதும் இதே கதைதான்.

பார்வையும் அனிச்சைகளும்

கண் எதிரே கையைச் சட்டென்று கொண்டுவந்து இமைக்கிறதா என்று பார்ப்பது முதல் சோதனை. மறு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். விசிறுவது போல் செய்தால் காற்று பட்டே இமைக்கும், மீசை முடியில் கை பட்டாலும் இமைக்கும். இது பிறவி அனிச்சை இல்லை, பழகி வருவது. நாய்க்குட்டிக்கும் பூனைக்குட்டிக்கும் 10 முதல் 12 வாரம் வரை இது சரியாக வராது. எட்டு வாரக் குட்டி இமைக்கவில்லை என்று குருடு எழுதிவிடாதீர்கள்.

இமைக்கவில்லை என்றால் அடுத்து இமையின் ஓரத்தை விரலால் தொடுங்கள். தொட்டும் இமைக்காமல், கண் உருண்டை மட்டும் பின்னே இழுபட்டு மூன்றாம் இமை எட்டிப்பார்த்தால், முக நரம்பு வேலை செய்யவில்லை. பார்வை நன்றாகவே இருக்கலாம்.

விளக்கை அணைத்துவிட்டு, நல்ல வெளிச்சமுள்ள டார்ச்சால் பாவையைப் பாருங்கள். ஒரு கண்ணில் அடித்தால் இரண்டும் சுருங்க வேண்டும். மங்கிய டார்ச், பயந்த விலங்கு, வயதாகி ஐரிஸ் (பாவையைச் சுற்றிய நிறத் தசை) தேய்ந்த நாய் ஆகிய மூன்றிலும் இந்தச் சோதனை ஏமாற்றும். இன்னொன்று, பாவை சுருங்கினால் பார்வை இருக்கிறது என்று பொருளில்லை. மூளையில் பார்வைப் பகுதி கெட்டிருந்தாலும் பாவை ஒழுங்காகச் சுருங்கும். கண்புரை முற்றி ஒன்றுமே தெரியாத கண்ணிலும் சுருங்கும். கண்புரைக் கண்ணில் பாவை சுருங்காமல் இருந்தால்தான் கவலை, லென்ஸுக்குப் பின்னால் விழித்திரையிலும் கோளாறு இருக்கலாம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் பஞ்சு உருண்டையைக் கண் முன்னே மேலிருந்து போடுங்கள். சத்தமும் வாசனையும் இல்லாத பொருள், பார்க்கிற விலங்கின் கண் அதைத் தொடரும். பூனைகள் சில சமயம் வேண்டுமென்றே கண்டுகொள்ளாது, அது பூனையின் குணம்.

கண்ணீர் அளவு

எந்தச் சொட்டும் விடுவதற்கு முன் ஷிர்மர் காகிதம், அதாவது கண்ணீரை அளக்கும் உறிஞ்சு காகிதப் பட்டை. காகிதத்தின் மடிப்பு முனையை விரலால் தொடாமல் உறையிலேயே மடித்து, கீழ் இமையின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பாகத்தில் செருகுங்கள். சரியாக ஒரு நிமிடம். நாயில் 15 மி.மீ.க்கு மேல் நனைந்தால் சரி. 10க்குக் கீழே வந்து, கண்ணிலும் அறிகுறி இருந்தால் உலர் கண். இடைப்பட்டது சந்தேகம், இன்னொரு நாள் திரும்ப அளக்க வேண்டும். பூனையில் பயத்தினாலேயே குறைவாக வரும், எண்ணை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள்.

நாய்க் கண்களில் இந்த ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது என் கட்சி. உலர் கண் நாய் வரும்போது கண் உலர்ந்ததாகத் தெரியாது. கெட்டியான, இழுத்தால் நூலாக வரும் பீளை அப்பியிருக்கும். பார்த்தவுடன் கிருமித் தொற்று என்றுதான் தோன்றும். ஆன்டிபயாடிக் விட்டால் கொஞ்சம் குறையும், நிறுத்தினால் திரும்பும். இப்படியே மாதக்கணக்கில் ஓடிய பிறகு கார்னியா கறுத்துப்போய் வரும் நாய்கள் உண்டு. அதற்கு வேண்டியது சைக்ளோஸ்போரின் போன்ற, கண்ணீர்ச் சுரப்பியை மீட்கும் மருந்து. சல்ஃபா மருந்து சாப்பிடும் நாய்க்கும் கண்ணீர் குறையலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கிருமி வளர்ப்புக்கு மாதிரி எடுக்கவேண்டுமென்றால் அதுவும் இப்போதே. அதன் பிறகுதான் மரப்புச் சொட்டு.

மரப்புக்குப் பின்

ப்ரோபராகெயின் மரப்புச் சொட்டு ஒன்று, ஒரு நிமிடம் காத்திருங்கள். இந்தச் சொட்டே ஒரு சோதனையும்கூட. இடுக்கிய கண் நன்றாகத் திறந்துவிட்டால் வலி மேற்பரப்பில் இருக்கிறது. திறக்கவில்லை என்றால் வலி உள்ளே இருக்கிறது, கண்ணுள் அழற்சியை யோசிக்க வேண்டும். இமை உள்நோக்கி மடிந்த நாயில், வலியால் மடிந்தது எவ்வளவு, அமைப்பே அப்படி இருப்பது எவ்வளவு என்பதும் இப்போது தெரிந்துவிடும்.

இமை ஓரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேல் இமையை வெளிப்பக்கமாகப் புரட்டினால் உட்புறத்திலிருந்து ஒற்றை முடி நேராகக் கார்னியாவை உரசிக்கொண்டிருப்பது தெரியலாம். இது மிகச் சிறியது, சாய்ந்த வெளிச்சத்தில்தான் கண்ணுக்குப் படும். பிறகு மேல் இமை வழியாகக் கண்ணை லேசாகப் பின்னோக்கி அழுத்தினால் மூன்றாம் இமை எழும். முனை மழுங்கிய இடுக்கியால் அதன் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பின்புறம் பாருங்கள். புல் விதை ஒளிந்திருப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. உள் மூலையை ஒட்டிப் பிறை வடிவில் ஒரு கீறல் இருந்தால் அங்கே தேடாமல் விடவே கூடாது. கண் உடையும் நிலையில் இருந்தால் மட்டும் அழுத்த வேண்டாம்.

மூன்றாம் இமையின் சுரப்பி சிவந்து வெளியே பிதுங்கியிருந்தால் அதை வெட்டி எடுக்கச் சொல்பவர்கள் இன்றைக்கும் உண்டு. அது கண்ணீரின் கணிசமான பங்கைச் சுரக்கும் சுரப்பி. உள்ளே வைத்துத் தைக்க வேண்டும், வெட்டினால் பின்னாளில் உலர் கண் வரும்.

பச்சைச் சாயம்

ஃப்ளூரசீன் காகிதத்தை ஒரு துளி உப்புநீரில் நனைத்து, கண்ணின் வெள்ளைப் பகுதியில் தொடுங்கள். கார்னியாவிலேயே வைத்துத் தேய்த்தால் காகிதம் பட்ட இடமும் பச்சையாகி, இல்லாத புண்ணைக் காட்டும். பாட்டிலில் வரும் சாயத்தை விடக் காகிதமே மேல், திறந்து வைத்த சாயப் பாட்டிலில் சூடோமோனாஸ் கிருமி நன்றாக வளரும். சாயம் விட்டபின் உப்புநீரால் நன்றாகக் கழுவி, இருட்டில் நீல விளக்கால் பாருங்கள்.

சாயம் கார்னியாவின் மேல்தோலில் ஒட்டாது, தோல் உரிந்த நடு அடுக்கில் ஒட்டும். அடி அடுக்கில் மறுபடி ஒட்டாது. அதனால்தான் மிக ஆபத்தான புண் மிகக் குறைவாகப் பச்சையாகும். சுற்றிலும் பச்சை வளையம், நடுவே கண்ணாடி போலத் தெளிவான குழி. இதைப் பார்த்து "நடுவில் ஆறிவிட்டது" என்று நினைத்தால் தொலைந்தது. உண்மையில் நடுவே மிஞ்சியிருப்பது மெல்லிய ஒரு சவ்வு மட்டும்தான், விலங்கு ஒரு முறை பலமாக உதறினால் கிழியும். அதற்கு மேல் எதையும் தொடாமல் கூம்புக் காலர் மாட்டி, அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள்.

கார்னியாவுக்குள் வரும் ரத்தக் குழாய்களையும் கவனியுங்கள். கிளை கிளையாகப் பிரிந்து மேலாக வந்தால் கோளாறு மேற்பரப்பில். குட்டையாக, நெருக்கமாக, வேலி போல ஓரத்தில் நின்றால் ஆழத்தில் அல்லது கண்ணுக்குள். குழாய் கிளம்ப மூன்று நான்கு நாள் ஆகும், பிறகு நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளரும். "நேத்துதான் வந்துச்சு" என்று சொல்லும் புண்ணில் 5 மி.மீ. நீளக் குழாய் இருந்தால் கணக்கு உங்களுக்கே புரியும்.

மூக்குத் துவாரத்தில் சில நிமிடங்களில் பச்சை தெரிந்தால் கண்ணீர்க் குழாய் திறந்திருக்கிறது. தெரியாவிட்டால் அடைப்பு என்று உறுதியாகச் சொல்ல முடியாது, தட்டை மூக்கு விலங்குகளில் தொண்டைக்குள் இறங்கிவிடும்.

அழுத்தம்

நாயிலும் பூனையிலும் இயல்பான கண் அழுத்தம் ஏறக்குறைய 10 முதல் 25 மி.மீ. பாதரசம். எண்ணைவிட இரு கண்களுக்குள்ள வித்தியாசம் அதிகம் பேசும். எப்போதும் இரண்டையும் அளங்கள். இமையைப் பிரிக்கும் விரல் எலும்பின் மேல் இருக்க வேண்டும், கண்ணின் மேல் அழுத்தினால் அளவு ஏறும். ஆழ்ந்த புண்ணோ கிழியும் நிலையோ இருந்தால் டோனோமீட்டரைத் தொடாதீர்கள்.

சிவந்து, கார்னியா நீலம் பாய்ந்து, பாவை விரிந்து அசையாமல் நின்று, அழுத்தமும் ஏறியிருந்தால் கிளாகோமா, அதாவது கண் அழுத்த நோய். பாவை சுருங்கி, அழுத்தம் குறைந்து, இருட்டில் மெல்லிய ஒளிக்கற்றை அடித்தால் முன் அறையில் புகை மிதப்பது போலத் தெரிந்தால் கண்ணுள் அழற்சி. இரண்டுமே வெளியே சிவந்த கண்கள்தான். டோனோமீட்டர் இல்லாத இடத்தில் விரலால் அழுத்திப் பார்த்து முடிவு சொல்பவர்களை நான் நம்புவதில்லை. கல் போல இறுகிய கண்ணை வேண்டுமானால் விரல் சொல்லும், 35க்கும் 20க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லாது.

உள்ளே

அழுத்தம் ஏறவில்லை, லென்ஸ் இடம் நழுவவில்லை என்று உறுதியான பிறகே பாவையை விரிக்கும் ட்ரோபிகமைடு சொட்டு விட்டு, 15 முதல் 20 நிமிடம் காத்திருங்கள். வெறும் பரிசோதனைக்காக அட்ரோபின் வேண்டாம், அது நாட்கணக்கில் பாவையை விரித்தே வைத்திருக்கும்.

வயதான நாயின் கண்ணில் "பூ விழுந்துடுச்சு" என்று கொண்டுவருவார்கள். கைநீளத் தொலைவிலிருந்து கண்ணின் உள்ளே பார்க்கும் கருவியான ஆஃப்தால்மோஸ்கோப் வழியே பாருங்கள். பின்னாலிருந்து வரும் பளபளப்பு தடையில்லாமல் தெரிந்தால் அது வயதினால் லென்ஸின் நடுப்பகுதி இறுகியது, பார்வை கெடாது. பளபளப்பை மறைத்துக் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் கண்புரை. இரு கண்ணிலும் வேகமாகக் கண்புரை வந்த நாய்க்குச் சர்க்கரை பார்க்காமல் அனுப்பாதீர்கள். திடீரென்று பார்வை போய், பாவை விரிந்து வரும் வயதான பூனைக்கு ரத்த அழுத்தம் பாருங்கள், விழித்திரை கழன்றிருக்கக்கூடும்.

இயல்பானதை நோய் என்று நினைத்துப் பயப்பட வாய்ப்புள்ள சில இடங்கள்: குதிரையின் பாவை விளிம்பில் தொங்கும் கறுப்பு முடிச்சுகள் கட்டி இல்லை. நாய்க்குட்டியின் விழித்திரைப் பின்புலம் சில மாதம் நீலமாகத்தான் இருக்கும். பறவைகள் பாவையை நினைத்தபடி சுருக்கும், விரிக்கும், ட்ரோபிகமைடு அவற்றில் வேலை செய்யாது.

அன்றைக்கே பார்க்க வேண்டியவை

வெளியே பிதுங்கிய கண், ஏறிய அழுத்தம், முன்பக்கம் நழுவிய லென்ஸ், ஆழ்ந்த புண், ரசாயனம் பட்ட கண், திடீர்ப் பார்வையிழப்பு. தொலைபேசியில் இவற்றில் ஒன்று என்று தோன்றினால் காலை வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். கண் பிதுங்கியிருந்தால் உப்புநீரில் நனைத்த சுத்தமான துணியால் ஈரமாகவே மூடி, கையால் உள்ளே தள்ள முயலாமல் உடனே கொண்டுவரச் சொல்லுங்கள். ரசாயனம் பட்டிருந்தால் கிளம்பும் முன் அங்கேயே தண்ணீரால் 20 நிமிடமாவது கழுவச் சொல்லுங்கள். இந்த ஒன்றில் மட்டும் பரிசோதனை வரிசை எல்லாம் பிறகுதான்.

மாட்டு மந்தையில் பல கன்றுகளுக்கு ஒரே வாரத்தில் கண்ணீர் வடிந்து, கார்னியாவின் நடுவில் வெண்புள்ளி வந்தால் மொராக்ஸெல்லா என்ற பாக்டீரியாவின் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஈ பரப்பும், உங்கள் கையும் பரப்பும். நல்ல கண்களை முதலில் பார்த்துவிட்டு, நோய்க் கண்களுக்குக் கடைசியாகப் போங்கள், ஒவ்வொன்றுக்கும் கையுறை மாற்றுங்கள்.

மருந்தோடு அனுப்பும்போது

சாயம் ஒட்டிய கண்ணுக்கு ஸ்டீராய்டு கிடையாது. மரப்புச் சொட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது, வலி குறையும், ஆனால் மேல்தோல் ஆறாது. கண்ணைச் சுற்றிச் சுத்தம் செய்யக் குளோர்ஹெக்சிடின், ஸ்பிரிட், சோப்பு கலந்த போவிடோன் அயோடின் எதுவும் ஆகாது. சோப்பில்லாத 10 சதவீதப் போவிடோன் அயோடின் கரைசலை உப்புநீரில் 1க்கு 50 என்று நீர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

சொட்டு விடும் விதத்தை உரிமையாளரிடம் வாயால் சொன்னால் போதாது, அவரையே ஒரு முறை விடச் சொல்லிப் பாருங்கள். பாட்டில் பின்னாலிருந்து, நெற்றி வழியாக வர வேண்டும். எதிரே வந்தால் விலங்கு பின்வாங்கும். ஒரு சொட்டு போதும், இரண்டாவது வழிந்துதான் போகும். இரண்டு மருந்து என்றால் நடுவே ஐந்து நிமிடம் இடைவெளி, களிம்பு கடைசியில்.

மேலோட்டமான புண் சரியான சிகிச்சையில் ஒரு வாரத்தில் ஆறிவிட வேண்டும். மூன்றாம் நாள் வரச் சொல்லுங்கள், மறுபடி சாயம் போடுங்கள். ஒரு வாரமாகியும் ஆறாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக்கை மாற்றிக்கொண்டே போகாமல் மேல் இமையை மறுபடி புரட்டி முடியைத் தேடுங்கள், மூன்றாம் இமைக்குப் பின்னால் பாருங்கள், கண்ணீரை மறுபடி அளங்கள், காலர் உண்மையில் கழுத்தில்தான் இருந்ததா என்று கேளுங்கள். புண்ணின் ஓரம் கூழாகக் கரைய ஆரம்பித்திருந்தால் மூன்றாம் நாள் வரைகூடக் காத்திருக்க வேண்டாம், அன்றே மாதிரி எடுத்து அனுமதித்துவிடுங்கள்.